ஒன்பதாவது வளைவில் சங்க காலம்

பள்ளிக்கு அனுப்பாத முதல் ஜூன்.
கண்ணங்குறிச்சி மாடிவீட்டில்
மொசைக் தரைமேல் சாக்பீஸால்
ஏற்காட்டு மலைப்பாதை வரைந்தேன்.
கொண்டை ஊசி வளைவு இருபது.
வளைவுக்கு இருநூறு ஆண்டு என்று
நானே விலை போட்டேன்.

அடிவாரம் என்றால் இன்றைக்கு.
அங்கே சோதனைச் சாவடி, நுங்கு வண்டி,
நான், நீ, தம்பி,
கீழ்வீட்டு மங்கையர்க்கரசி அக்கா,
அவர் தினமும் கேட்கும்
"இன்னைக்கும் லீவா?"

"நீ பொறந்தது எந்த வளைவுல?"
என்றாள் இன்மொழி.
பஸ் இன்னும் முதல் வளைவுக்கே போகலை,
கண்டக்டர் சில்லறை கேட்டுக்கிட்டு இருக்கார் என்றேன்.
"தாத்தா?"
அவரும்தான்.
"செத்துப்போயிட்டாரே?"
செத்துப்போனாலும் அடிவாரம்தான்.
அதை அவள் கொஞ்ச நேரம் மென்றாள்.
எனக்கும் அது
சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முதல் வளைவில் காப்பிச் செடி மலையேறியது.
மூன்றைத் தாண்டினால்
எந்தக் குழம்பிலும் மிளகாய் இல்லை.
"நான் அங்கேயே இருந்துக்கறேன்"
என்றான் ஆதன், ஐந்து வயது.
"காப்பி இல்லாம
ராஜாவுக்குக் காலையில என்ன குடுப்பாங்க?"
நீராகாரம்.
"ராஜாவுக்கா!"
ஐந்தாம் வளைவில்
பெரிய கோயிலுக்குக் கல்லேற்றிக்கொண்டிருந்தவர்கள்
அத்தனை பேரும் நிறுத்திவிட்டு
எங்கள் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.
குக்கர் மூன்றாவது விசில்.
பாடம் அன்றைக்கு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நிஜமாகவே ஏறினோம்.
கோரிமேட்டில் பஸ் பிடித்து
ஜன்னலுக்குச் சண்டை போட்டு
இருவரும் உரக்க எண்ணினார்கள்.
ஐந்தில் "சோழர்!" என்று இவள் கத்தியதில்
முன்சீட்டுக்காரர் செல்போனை நழுவவிட்டார்.
ஒன்பதாவது வளைவில்,
சங்க காலத்தில்,
ஆதன் வாந்தி எடுத்தான்.
யாரோ எலுமிச்சம்பழம் நீட்டினார்கள்,
யாரோ பாலித்தீன் பை.
பத்தாவதில் யவனர்கள் வெள்ளிக்காசோடு
மிளகுக்குக் காத்து நின்றிருக்க வேண்டும்.
நான் அவன் நெற்றியைப் பிடித்திருந்தேன்,
பார்க்கவில்லை.
இரும்பை எந்த வளைவில் கைவிட்டோம்
அதையும் பார்க்கவில்லை.

இருபது.
இறங்கி, பலாச்சுளை விற்றவரிடம் வழி கேட்டு
காப்பித் தோட்டத்துக்குப் பின்னால்
அரை மணி நடந்தால்
கூரையில்லாத ஒரு கோயில்.
மரத்தடியில் வரிசையாகக் கற்கள்.
கறுப்பு. உள்ளங்கை நீளம்.
ஒரு முனை மட்டும் தீட்டிய மாதிரி.
எண்ணெய், மஞ்சள், நேற்றைய அரளிப்பூ.
"சாமி" என்று
கன்னத்தில் போட்டுக்கொண்டான் ஆதன்.
கோடாலி என்றேன்.
யாரோ உட்கார்ந்து
நாள்கணக்காகத் தேய்த்த கோடாலி.
அவன் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.
"பேரு என்னம்மா?"
சாமிக்கா?
"தேச்சவங்களுக்கு."

தெரியாது என்றேன்.
வீட்டுப் பள்ளி தொடங்கிய பதினாறு நாளில்
நான் சொன்ன முதல் தெரியாது.
இன்மொழி நோட்டை எடுத்து
தேதி போட்டு எழுதினாள்:
பேர் தெறியாது. கை வலிச்சிருக்கும்.
றகரத்தை நான் திருத்தவில்லை.

இறங்கும்போது மழை.
நாலாயிரம் ஆண்டும் நாற்பது நிமிடமும்
ஒரே வைப்பரில் அழிந்து அழிந்து வந்தன.
மடியில் தூங்கிக்கொண்டே
சங்க காலத்தைத்
தொந்தரவில்லாமல் கடந்தான்.
மிளகாய் வந்தது, காப்பி வந்தது.
மரங்களுக்கு நடுவே
சேலத்தின் விளக்குகள் ஒருமுறை தெரிந்து,
திரும்பியதும் இல்லாமல் போய்,
மறுபடி தெரிந்தன.

சாவடியில் பஸ் குலுங்கி நின்றது.
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
"இப்போ எந்த வருஷம்?"

பர்ஸிலிருந்த டிக்கெட்டை எடுத்து
டிரைவர் பக்கத்து வெளிச்சத்தில் பிடித்து
தேதியைப் படித்துச் சொன்னேன்.